ஒரு முத்திரை வாங்க இரண்டு அலுவலகங்கள்

நாங்கள் கிரீட் தீவில் அர்ஹானெஸ் ஊரில் குடியிருந்தபோது மகள் ஹெராக்லியோன் மருத்துவமனையில் பிறந்தாள். கிரேக்கச் சட்டப்படி பிறப்பைப் பத்து நாள்களுக்குள், பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்லாமல், குழந்தை பிறந்த இடத்து நகராட்சிப் பதிவகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், அந்த வேலை ஹெராக்லியோனிலேயே சிரமமின்றி முடிந்தது. இந்தியாவில் காட்டுவதற்காகப் பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்வது) வாங்கப் புறப்பட்டபோதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர், "நோமார்ஹியாவுக்குப் போங்கள்" என்றார். நோமோஸ் என்பது பழைய மாவட்டம். நோமார்ஹியா அதன் நிர்வாகம். 'கலிக்ராதிஸ்' என்று அழைக்கப்படும் 2010ஆம் ஆண்டின் 3852ஆம் எண் சட்டம் 2011 ஜனவரி 1 முதல் அதை ஒழித்துவிட்டது. ஹனியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், லசீதி ஆகிய நான்கு மாவட்டங்களும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநரைக் கொண்ட கிரீட் மண்டலத்தின் அலகுகளாகிவிட்டன. நகராட்சிகளும் இணைக்கப்பட்டு 24 ஆயின. எங்கள் அர்ஹானெஸும் அப்படி அக்கம்பக்கத்தோடு சேர்க்கப்பட்டதுதான். நகராட்சியின் தலைமையிடம் இப்போது பெசாவில் இருக்கிறது. ஆனால் பேச்சு வழக்கில் நோமார்ஹியா இன்னும் சாகவில்லை.

நானும் மண்டல அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த அம்மையார் சான்றிதழின் வட்ட முத்திரையில் விரலை வைத்து, "இது திமோஸ் கொடுத்தது, நாங்கள் எங்கள் அலுவலகத் தாள்களுக்கு மட்டுமே போடுவோம்" என்றார். திமோஸ் என்றால் நகராட்சி. நகராட்சியும் பதிவகமும் தரும் தாள்களுக்கு அப்போஸ்டில் தருவது பரவலாக்கப்பட்ட நிர்வாகம் எனப்படும் வேறோர் அமைப்பு. நாடு முழுவதும் ஏழு உள்ள இவை மத்திய அரசின் கைகள். இவற்றின் தலைமைக்குத் தேர்தல் கிடையாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று மண்டலங்களைச் சேர்த்து ஆள, கிரீட்டிலும் ஏதென்ஸ் இருக்கும் அத்திக்காவிலும் மட்டும் மண்டலத்துக்கும் இதற்கும் எல்லை ஒன்றே என்பதால், வரைபடத்தைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த நிர்வாகத்தின் அலுவலகத்தில் கிடைத்த முத்திரை பத்து எண்ணிட்ட வரிகள் கொண்ட ஒரு சதுரம். கையெழுத்திட்டவர் யார், எந்தப் பொறுப்பில் இட்டார், யாருடைய முத்திரை என்பவற்றை அதன் இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிகள் சொல்கின்றன. பதிவாளரின் கையொப்பத்தை அறிந்த அலுவலகம்தானே அதை நிரப்ப முடியும் என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மாலையில் பெரியவர், "நோமார்ஹியாவில் வேலை முடிந்ததா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.