பரீட்சைக்குப் பதினைந்து நாள் முன்னால்

1977 ஜூனில் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கிக்கொண்டு கோரிப்பாளையம் வழியாக வீட்டுக்கு நடந்து வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஊரெல்லாம் சட்டமன்றத் தேர்தல் போஸ்டர். அன்று சாயங்காலம் அப்பா, "வாடா, சங்கரய்யா பேசுறாரு" என்று கூட்டிப் போனார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான என். சங்கரய்யாதான். அப்பாவுக்கு மில்லில் வேலை. அந்த வாரம் ராத்திரி ஷிப்ட் என்பதால் சாப்பாட்டுத் தூக்கும் கையோடு வந்தது.

தெருமுனைக் கூட்டம். நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை, மூங்கிலில் கட்டிய இரண்டு டியூப்லைட். ஒருவர் பேசி முடித்ததும் மைக்செட்காரர் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். ஏன் குறைக்கிறார் என்று யோசித்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் கண்ணாடி போட்ட மனிதர் எழுந்து முதல் வாக்கியத்தைச் சொன்னதும் விளங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு மைக் தேவையே இல்லை. அதுவரை பேசியவர்களின் அளவில் விட்டிருந்தால் குழாய் கிழிந்திருக்கும்.

என்ன பேசினார் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை. கையில் துண்டுச் சீட்டு எதுவும் வைத்துக்கொள்ளாமல் பேசியது மட்டும் நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது, "நல்லாப் படிச்சவரு போலயே" என்றேன். "உங்க காலேஜ்தான்டா, நீ சேரப்போறதே, அங்கதான்" என்றார் அப்பா. "அப்ப பி.ஏ.வா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முடிக்கல" என்றவர், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று மில் பக்கம் நடையைக் கட்டினார்.

மீதிக் கதை எனக்குக் கிடைத்தது இரண்டாம் வருஷம், கல்லூரிக்கு வெளியே ஒரு டீக்கடையில். ஓய்வு பெற்ற அட்டெண்டர் ஒருவர் தினமும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார். வேலையில் இல்லாவிட்டாலும் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. "மெயின் ஹாலு படி இருக்குல்ல தம்பி" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். சங்கரய்யாவும் நம்மைப் போல வரலாறு படித்தவர்தான் என்றும், பரீட்சைக்குப் பதினைந்தே நாள் இருக்கையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றும் அவர்தான் சொன்னார்.

தேதி பிற்பாடு தெரிந்தது: 1941 பிப்ரவரி 28. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது நடந்த அடக்குமுறையைக் கண்டித்து மதுரை மாணவர்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் அவர். மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளர் வேறு. 1938-ல் ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை எதிர்த்த மாணவர் கூட்டத்திலும் இருந்தார். வெள்ளைக்காரனையும் எதிர்த்து, காங்கிரஸ் மந்திரிசபையின் உத்தரவையும் எதிர்த்து, வகுப்புக்கும் போய்வந்த பையனை எந்தப் பேராசிரியர் எப்படிச் சமாளித்தாரோ! நம் காலத்தில் வருகைப் பதிவு குறைந்தாலே கடிதம் வீட்டுக்குப் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் சங்கரய்யாவே இல்லை, பிரதாபச்சந்திரன். தன் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாகச் சாப்பிடாமல் கிடந்தாராம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பெயர் மாறியது. உண்ணாவிரதம் அந்த வீட்டுக்குப் பழக்கமான சங்கதிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

மதுரையிலிருந்து வேலூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே காமராஜரும் கைதி. சிறையில் கைதிகளுக்குள் வகுப்பு பிரித்து வேறுபாடு காட்டியதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தபோது, பார்க்க வந்த அதிகாரி, இவர் ஒரு ருஷ்ய நாவலில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்து அசந்துபோனார் என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் விடாமல் சொல்லும் கதை. அதில் எனக்குப் பெரிய வியப்பில்லை. கடைசி வருஷப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த பையன், பரீட்சை போனாலும் படிக்கிற பழக்கம் போகுமா?

அப்புறம் ராஜமுந்திரி சிறை, விடுதலை, 'வெள்ளையனே வெளியேறு' காலத்தில் மறுபடி கைது. 1946 முடிவில் கம்யூனிஸ்டுகள் மீது போட்ட மதுரைச் சதி வழக்கு. கட்சித் தலைவர் பி. ராமமூர்த்தி முதல் குற்றவாளி, இவரும் கூட. அந்த வழக்கிலிருந்து வெளியே விட்ட நாள் 1947 ஆகஸ்ட் 14. மறுநாள் விடிந்தால் சுதந்திரம். அடுத்த மாதமே கல்யாணம். மணப்பெண் நவமணி அம்மாள், ஆசிரியை, கிறிஸ்தவக் குடும்பம். 1947-ல் மதுரையில் அப்படி ஒரு கல்யாணம் என்றால் தெரு என்ன பேசியிருக்கும் என்று நம் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. பிற்பாடு அந்தக் குடும்பத்தில் சாதி தாண்டியும் மதம் தாண்டியும் நிறையக் கல்யாணங்கள் நடந்தன.

சுதந்திர இந்தியாவும் அவரை விட்டுவைக்கவில்லை. 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, தலைமறைவு. 1962-ல் சீனப் போர் சமயத்தில் சிறை, 1965-ல் மறுபடியும். சிறையில் எட்டு வருஷம், தலைமறைவில் மூன்று வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசிய கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சிக்கு வித்திட்ட 32 பேரில் ஒருவர். அந்த அரசியலை எடைபோட எனக்குத் தெம்பும் இல்லை, நம் கல்லூரிப் பழைய மாணவர்களின் இந்த மலர் அதற்கு இடமும் இல்லை.

சட்டமன்றத்துக்குப் போனது மூன்று தடவை. 1967-ல் மதுரை மேற்கு, 1977-லும் 1980-லும் மதுரை கிழக்கு. அதற்கு முன் நின்று தோற்றதும் உண்டு. 1980 மே மாதத் தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. அப்போதெல்லாம் 21 ஆக வேண்டும். யாருக்குப் போட்டேன் என்று எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும். அரிவாள், சுத்தியல், நட்சத்திரம் மூன்றையும் வாக்குச்சீட்டில் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வருஷம்தான் என் பட்டமும் வந்தது. 'மதுரை காமராசர் பல்கலைக்கழகம்' என்று பெரிய எழுத்தில் போட்ட தாள். அதை வைத்து நான் பட்ட பாடு இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். மஸ்கட் வேலைக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும் என்றார்கள். சென்னை, டெல்லி, தூதரகம் என்று ஒவ்வொரு இடமாகப் பின்பக்கத்தில் முத்திரை விழுந்தது. கடைசியில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது. லேமினேஷன் செய்யாதே, செய்தால் முத்திரை குத்த முடியாது என்று டிராவல்ஸ்காரர் எச்சரித்திருந்தார். நல்லவேளை. ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்த நாளில் ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷத்தில் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

2021 ஜூலையில் அவருடைய நூறாவது பிறந்தநாள். முதலமைச்சர் குரோம்பேட்டை வீட்டுக்கே போய் வாழ்த்தினார். அந்த வருஷம் அரசு புதிதாக ஏற்படுத்திய 'தகைசால் தமிழர்' விருது முதலில் அவருக்குத்தான். பத்து லட்சம் ரூபாய். கொரோனா காலம். அந்தப் பணத்தை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். டிவியில் சக்கர நாற்காலியில் பார்த்தபோது உடம்பு கூடு போல இருந்தது. மைக்செட்காரரின் கை அந்தக் குமிழை நோக்கிப் போனது கண்ணில் வந்து போனது.

2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானம் போட்டது. பல்கலைக்கழகத்தை நடத்தும் இரண்டு குழுக்களில் சிண்டிகேட் சரி என்றது, செனட் சரி என்றது. வேலூர் சிறையில் கூட இருந்தவர் பெயரில் அமைந்த பல்கலைக்கழகம், 1941-ல் எழுத முடியாத பரீட்சைக்கு எண்பது வருஷம் கழித்துப் பட்டம் தருகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆனால் வேந்தரான ஆளுநரின் கையெழுத்து வரவில்லை. நவம்பர் 2 பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். விழா நடந்தது, பட்டம் இல்லை.

பதின்மூன்று நாள் கழித்து, நவம்பர் 15 காலையில், சென்னையில் அவர் காலமானார். நூறைத் தாண்டிய வாழ்க்கை. அரசு மரியாதையோடு பெசன்ட் நகர் மின்மயானத்தில் தகனம். 1964-ல் வெளியே வந்த அந்த 32 பேரில் அப்போது மிஞ்சியிருந்தவர் கேரளத்தின் அச்சுதானந்தன் ஒருவர்தான். 2025-ல் அவரும் போய்விட்டார்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் மறைந்த பழைய மாணவர்கள் பட்டியல் வரும் அல்லவா, பெயர், பாடம், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று மூன்று கட்டம்? போன வாரம் மலர்க்குழுத் தம்பி போன் செய்தார். விட்டுப்போன பெயர்களை இந்த முறை சேர்க்கிறார்களாம்.

"அண்ணே, சங்கரய்யா சார் பேரையும் சேர்க்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. பாடம் வரலாறுன்னு போட்டுட்டேன். தேர்ச்சி ஆண்டுன்னு இருக்கே, அதுல என்னண்ணே போட?"

"சும்மா விட்ராதப்பா, யாராவது அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க. கைதான தேதியைப் போடு" என்றேன்.

கட்டத்தில் இடம் பத்துமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.