கறள்

"அண்ணா, சைலன்சர் கறள் பிடிச்சுட்டுது போலக் கிடக்கு."

மெக்கானிக் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இன்னா புடிச்சுகீது?"

"கறள்."

"ஓ, கேரளாவா மேடம்?"

திருவான்மியூருக்கு வந்து ஏழு வருஷம். ஆட்டோக்காரர், கீரைக்காரம்மா, கீழ்வீட்டு மாமி என்று எல்லாருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. "இல்லை, யாழ்ப்பாணம்" என்றதும் "பரவால்லையே, தமிழ் நல்லா பேசறீங்களே" என்று ஒரு பாராட்டு வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. பேணியை டப்பா ஆக்கி, போத்தலை பாட்டில் ஆக்கி, கதைப்பதைப் பேசுவதாக்கி, இப்போது நான் பாதிக்குமேல் சென்னைக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கறள் மட்டும் எப்படியோ வாயில் ஒட்டியிருந்திருக்கிறது.

"துரு, துரு" என்றேன்.

"அப்டி தமிழ்ல சொல்லுங்க."

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்க்ரூட்ரைவர் பிடியால் அடியில் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் டங், டங். பின்பக்கப் பெட்டியில் டப். இன்னொரு தட்டு. கருகின அப்பளம் மாதிரி ஒரு செதில் உதிர்ந்து விழுந்தது. நாலு நாளாகக் கார் டிராக்டர் மாதிரி உறுமியது சுண்டுவிரல் நுழைகிற அந்த ஓட்டையால்தான்.

நான் கடற்காற்றைக் குறை சொன்னேன். "உப்புக் காத்து வெளில இருந்து தின்னும். உள்ள இருந்து தின்ன வெக்கறது நீங்கதான்" என்றார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு. என் கார் அதற்குமேல் ஓடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். குழாய் நன்றாகச் சூடேறும்முன் இன்ஜினை நிறுத்தினால், அது கடைசிப் பெட்டியில் குளிர்ந்து, புகையின் அமிலத்தோடு தேங்கிவிடும். "வாரத்துக்கு ஒரு வாட்டி மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க." இப்படி ஒரு மருந்துச்சீட்டு எந்த டாக்டரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

அவர் வெல்டிங் பையனைக் கூப்பிடப் போனார். நான் நினைவில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகள். பொருளாதாரத் தடை. அப்பாவின் பழைய ஆஸ்டின் ஏ-40 சோமர்செட் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெட்ரோலில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. சைலன்சர் ஓட்டையானால் பால்மாப் பேணியை வெட்டி விரித்து, சுற்றிக் கம்பியால் இறுக்குவார். பேணியிலிருந்த பசுமாட்டுப் படம் வெளியே தெரியும். கலியாண வீட்டுக்குப் போகிற நாட்களில் அம்மாவுக்கு அந்தரம். "மாட்டை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கலாம்தானே?"

வெல்டிங் பையன் தகடு வைத்துப் பற்றவைத்தான். பெட்டியின் அடியில் இன்னொரு சின்னத் துளை தெரிந்தது. அதையும் அடைக்கச் சொன்னேன். "ஐயோக்கா, அது தண்ணி வடிய கம்பெனியே போட்டது." மீதித் துருவை உப்புத்தாளால் தேய்த்து, 600 டிகிரி தாங்குகிற சில்வர் பெயிண்ட் அடிக்கச் சொன்னான். சாதாரண பெயிண்ட் சூட்டில் உரிந்துவிடுமாம். உப்பால் வந்த வினைக்கு உப்புத்தாள்!

மறுநாள் மணி எட்டுக்கு பார்க்கிங்கில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அழைப்பு.

"என்ன பிள்ளை, மூச்சு வாங்குது?"

"கார் சைலன்சர் அப்பா, துரு ஏறிடுச்சு."

"என்ன ஏறினது?"

"துரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஓ, கறளே? துருவாம். புத்தகம் வாசிக்கிற மாதிரியெல்லே கதைக்கிறாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டிலை பால்மாப் பேணி ஒண்டு கிடக்கோ?" என்றார்.