அப்பாவின் காலும் கித்தா மரமும்

ஜூலை 8, சுங்கை சிப்புட், மலேசியா

அப்பாவின் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் புண் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சிலிப்பருக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் செய்த வேலை. அது குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. 20 வருட இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பாத நரம்புகளை மரக்க வைத்துவிட்டது. சிமெண்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டு அம்மாதான் சத்தம் போட்டார்.

இன்று தாதி காகித அளவுகோலை வைத்து அளந்தார். நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ. எலும்புக்குப் போகவில்லை, காலில் ரத்த ஓட்டமும் பரவாயில்லை. அப்பாவின் ரத்தத்திலிருந்தே பிளாஸ்மா ஜெல் செய்து வைக்கலாம் என்றார் டாக்டர். எனக்குப் பயம்தான். 2019 தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். எங்கள் பழைய தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விரலை, காலை இழந்தவர்களை எண்ணத் தொடங்கினால் தூக்கம் வராது.

ஜூலை 15

முதலில் புண்ணில் இருந்த செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். அப்பா முகம் சுளிக்கவே இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் கையில் ரத்தம் எடுத்து, அது உறையாமல் இருக்க சிட்ரேட் உள்ள குழாய்களில் விட்டு, இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது ரத்தம் பிரிந்து நின்றது. அடியில் கருஞ்சிவப்பு, மேலே பிளாஸ்மா என்ற இளமஞ்சள் நீர், நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்த மஞ்சளில் கோட்டை ஒட்டிய பகுதியில்தான் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் நிறைய இருக்குமாம். அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, கால்சியம் கரைசல் சேர்த்தார்கள். சில நிமிடத்தில் தண்ணீராக இருந்தது கொழகொழவென்று உறைந்தது. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“பார்த்தியாம்மா, கித்தாப் பால்ல ஆசிட் ஊத்துன மாதிரியே இருக்கு.”

முப்பது வருடம் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. தட்டணுக்கள் உடையும்போது வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் புது ரத்தக் குழாய்களையும் புதுச் சதையையும் வளரத் தூண்டும் என்றார் டாக்டர். சாதாரணக் காயம் ரத்தம் நின்று, வீங்கி, சதை பிடித்து, மூடிவிடும். இனிப்புநீர்க்காரர் புண் பல நேரம் அந்த வீக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அதை அங்கிருந்து நகர்த்தத்தான் இந்த ஜெல்.

ஜூலை 17

பக்கத்து வீட்டு அக்கா பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்டெம் செல் (புதுச் செல்களை உருவாக்கும் மூல செல்) பவுடராம், தண்ணீரில் கலந்து குடித்தால் புண் ஆறுமாம், 300 வெள்ளி (ரிங்கிட்). அவர் நல்ல மனசுக்காரர். ஆனாலும் வேண்டாம் என்றேன். வாய்வழியே போகும் எந்த செல்லும் வயிற்றில் செரித்துப் போகும், பாதத்துக்குப் போய்ச் சேராது.

உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது. யூ.கே.எம். (மலேசிய தேசியப் பல்கலைக்கழக) ஆய்வாளர்கள் நோயாளியின் தோல் செல்களை வளர்த்து, அவருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரின் என்ற உறைபுரதத்தில் பதித்து, ‘மைடெர்ம்’ என்ற உயிருள்ள தோலை உருவாக்கினார்கள். ஜெர்மனியில் 2015இல், தோல் உரிந்துகொண்டே இருந்த ஏழு வயதுப் பையனுக்கு, மரபணு திருத்திய அவனுடைய தோல் ஸ்டெம் செல்களால் உடலின் 80 விழுக்காட்டுத் தோலை மாற்றினார்கள். இதெல்லாம் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் நடப்பது. பவுடர் பெட்டியில் வராது.

ஜூலை 20

சாயங்காலம் கோப்பி ஓ கோசோங் (சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி) குடித்துக்கொண்டே ஸ்டெம் செல் என்றால் என்ன என்று அப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். அவர் எனக்கு விளக்கினார்.

“பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. கத்தி அதுல படக் கூடாது. படாம சீவினா பட்டை திரும்ப வளரும். பட்டுடுச்சுன்னா அந்த இடம் முண்டு முண்டா போயிரும், தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) ஏசுவாரு.”

மரத்தின் ஸ்டெம் செல்கள் இருப்பது அந்த மெல்லிய அடுக்கில்தான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்ற மனுஷர் இவர். நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆகஸ்ட் 3

சண்டை. பாரம் படாத சிறப்புச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோழிக் கூண்டுவரை நடந்திருக்கிறார், கட்டெல்லாம் ஈரம். வலிக்கவில்லையாம். வலிக்காததுதான் ஆபத்து என்று கத்திவிட்டேன். எத்தனை ஜெல் வைத்தாலும், நடக்க நடக்க அந்தப் புதுச் சதை நசுங்கும். சர்க்கரையும் காலையில் 11 mmol/L, அதிகம். ராத்திரி அம்மா சோற்றைக் குறைத்து வைத்தார், அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 12

நாலு வாரம். நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்தால் 12 வாரத்தில் ஆற வாய்ப்பு அதிகம் என்பார்கள். அளவுகோலைப் பார்க்கப் பயந்து தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2 செ.மீ., 1.3 செ.மீ. பாதிக்கும் கீழே! புண்ணின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவந்த சதை, ஓரத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் மெல்லிய தோல் உள்நோக்கி ஏறி வருகிறது.

செப்டம்பர் 30

மூடிவிட்டது. புதுத் தோல் இன்னும் பலமில்லை, அந்தச் செருப்பைத் தொடர்ந்து போட வேண்டும். காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தலைகீழாகப் பிடித்து, படியில் இரண்டு தட்டு தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைத்தார்.