இரவு 2 மணித் தண்ணீர்

எங்கள் அடுக்ககத்தின் மேல்தொட்டிக் குழாயில் மீட்டர் பொருத்தி, கைப்பேசிக்கு எச்சரிக்கை வரச் செய்து இரண்டு மாதமாகிறது. முதலில் ஒரு நாள் மொத்தப் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டில் துணி துவைத்ததற்கே அலறியது. செயலாளர் ஒலியையே அணைத்துவிட்டார்.

பிறகு இரவு 2 முதல் 4 மணி வரை மட்டும் கவனிக்கச் சொன்னோம். எல்லோரும் உறங்கும் நேரம். அப்போது விடாமல் தண்ணீர் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். மூன்றாவது நாளே சிக்கியது, இரண்டாம் மாடிக் கழிப்பறை. ஃப்ளஷ் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்து, சத்தமில்லாமல் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். நாளுக்கு 1,440 லிட்டர்! ஏறக்குறைய எட்டு நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்று சாக்கடைக்கு. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது லாரிக்காகத் தெருவில் காத்துக்கிடந்த சென்னைவாசிகள்தான் நாங்கள்.

அந்த வீட்டுப் பெரியவர் நம்பவில்லை. ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் விட்டோம். யாரும் தொடாமலே பத்து நிமிடத்தில் கோப்பை நீலமாகியது. "அட!" என்றார்.

ரப்பர் மாற்றியாகிவிட்டது. செயலாளர் இன்னும் ஒலியை அணைத்தே வைத்திருக்கிறார். நள்ளிரவில் விழிப்பது நான்தான்.