தேள் படம் போட்ட காரை ஒரு தீப்பெட்டி உயரம் தூக்கிய கதை

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவன் முதல் வேலையாக ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவான். நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது அதைத் தூக்குவதற்கு. கோயம்புத்தூர் வடவள்ளியில் எங்கள் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஏழு வேகத்தடை இருக்கிறது, காரணம் அவ்வளவுதான்.

வண்டி ஃபியட்டின் அபார்த் புன்டோ, 2016 மாடல். "இது எங்கே ஸ்போர்ட்ஸ் கார், ஹேட்ச்பேக்தானே" என்று கேட்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2015 அக்டோபரில் ஃபியட் இதை இங்கே விட்டபோது பத்து லட்சத்துக்குள் 145 பிஎச்பி தருகிற ஹேட்ச்பேக் வேறு கிடையாது. 1,368 சிசி டர்போ பெட்ரோல், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 8.8 விநாடி என்பது கம்பெனி கணக்கு. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 155 மி.மீ. இந்தக் கடைசி எண்ணை வாங்கும்போது நான் கண்டுகொள்ளவே இல்லை.

தேட ஆரம்பித்தது 2022 கடைசியில். அப்போது அவினாசி ரோட்டில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது, லட்சுமி மில்ஸ் சிக்னலிலிருந்து ஹோப் காலேஜ் போவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். வடவள்ளியிலிருந்து சின்னியம்பாளையத்துக்குத் தினமும் இந்த வழியாகத்தான் ஆபீஸ் போக வேண்டும், இதில் டர்போ எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. கியர் போட்டு ஓட்டுகிற, கையில் ரோடு தெரிகிற வண்டி ஒன்று வேண்டும், புதுசாக வாங்கக் காசு இல்லை. பிஎஸ்6 புகை விதி வருவதற்கு முன்பே ஃபியட் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டதால் யோசிக்கிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அதனால் விலையும் கொஞ்சம் படியும். யோசிக்காதவனுக்கு லாபம் என்று நினைத்தேன்.

மூன்று வண்டி பார்த்தேன். முதல் வண்டி உள்ளூரிலேயே, ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரை டியூன் பண்ணி, சைலன்சர் மாற்றி, ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிற மாதிரி. நான் போனபோது பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிப்போன இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் அதன் நோய் எல்லாம் வெளியே வரும், சூடான இன்ஜின் நன்றாக நடிக்கும். டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பெங்களூரு வண்டி பக்கவாட்டில் காந்தம் ஒட்டவில்லை, அடி வாங்கியதை மறைக்க உள்ளே அவ்வளவு பட்டி.

மூன்றாவது கொச்சியில். வெளிநாடு போகிற ஒருவருடையது, 61,000 கி.மீ. ஓடியது, எல்லா பில்லும் ஒரே ஃபைலில். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டேன், மனிதர் சொன்ன சொல் காப்பாற்றினார். ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டுப் பின்னால் பார்த்தேன். டர்போவின் சீல் போயிருந்தால் அந்த நேரத்தில் நீலப் புகை வரும். வரவில்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். முன் டயர் இரண்டிலும் 1120, அதாவது 2020-ம் வருடம் பதினோராவது வாரம். பின் டயரில் 2316. தேய்மானம் அதிகம் இல்லை, ஆனால் ஆறு வருஷத்து ரப்பர், நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. அப்புறம் நியூஸ்பேப்பரை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கிற கையின் ரப்பர்) இரண்டும் வெடித்த குதிகால் மாதிரி பிளந்திருந்தன. இதையெல்லாம் போனில் படம் எடுத்து அவரிடமே காட்டினேன். 5.60 லட்சம் கேட்டவர் 5.10-க்கு இறங்கினார், வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அவரே வாங்கித் தருவதாகப் பேச்சு.

வேறு மாநில வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வண்டியைவிட காகிதத்தைத்தான். பரிவாகன் என்கிற அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி, லோன், இன்சூரன்ஸ் மூன்றையும் முதலில் பாருங்கள். கொச்சிக்காரருக்கு லோன் எப்போதோ முடிந்திருந்தது, ஆனால் ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. அதை எடுக்க படிவம் 35, பேங்கின் கடிதம். அதற்கே மூன்று வாரம். அப்புறம் என்ஓசிக்குப் படிவம் 28, பெயர் மாற்ற 29-ம் 30-ம், தமிழ்நாட்டு எண் வாங்க 27. படிவம் 28-க்காகச் சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுக்க வேண்டும், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதேதான். முதல் தடவை ஒரு எழுத்து சரியாக விழவில்லை, மறுபடி எடுத்தோம்.

இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும், வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும் நான் மனக்கணக்குப் போட்டதைவிட அதிகமாகவே வந்தது. கேரளாவில் கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அது கட்டியவருடைய பாடு. இன்னொன்று, இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் தள்ளுபடி அவரோடு போய்விடும், நமக்கு வராது, அந்த வித்தியாசத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். குதிரான் குகையைத் தாண்டி பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில், மூன்றாவது கியரில், 2,000 ஆர்பிஎம் வரை சாதுவாக இருந்த வண்டி அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து தள்ளிய மாதிரி கிளம்பியது. ஹைட்ராலிக் ஸ்டியரிங், கனமாக இருக்கும், ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் சொல்லும். வாளையாறு வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டுத் தெருவின் முதல் வேகத்தடையில் சிரிப்பு நின்றது. கர்ர்ர்ர். தேங்காய் துருவுகிற சத்தம், காலுக்கு அடியில். வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பது குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடியபோது மிஞ்சிய கான்கிரீட்டைக் குவித்தது. நான் ஸ்கேல் வைத்து அளந்தேன், 14 செ.மீ. ஆள் ஏறினால் 155 என்பது 155 இல்லை, நாலு பேர் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் இறங்கி, நான் வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்கிய பிறகு மறுபடி ஏறுவார். ஏழு தடவை. "ஏன்டா, மெயின் ரோட்டுக்கு நடந்தே வந்துடறேன், அங்க வந்து ஏத்திக்கோ" என்றார் ஒரு நாள், கோபமாகக்கூட இல்லை.

தெருவில் இன்னொரு தொல்லை கதவில் இருக்கிற தேள் ஸ்டிக்கர். "தம்பி விருச்சிக ராசிங்களா?" என்று குறைந்தது பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். விளையாட்டு என்னவென்றால் அந்தச் சின்னத்தின் காரணமே அதுதான். அபார்த் கம்பெனியை ஆரம்பித்த கார்லோ அபார்த் பிறந்தது 1908 நவம்பர் 15, மேற்கத்தியக் கணக்கில் விருச்சிகம். இதை விளக்கினால் அடுத்த கேள்வி "நட்சத்திரம்?" என்று வரும், அதனால் இப்போதெல்லாம் ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வண்டியை விட்டது சுங்கம் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடுகிற ஃபார்முலா வண்டிகளில் கை வைத்தவர், கோயம்புத்தூரில் இப்படிப்பட்டவர்கள் சந்துக்கு ஒருவர் உண்டு. நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன்: ஈசியூ டியூன், ஏர் ஃபில்டர், சைலன்சர், உயரத்துக்கு ஷாக்கின் தலையில் வைக்கிற அலுமினியம் ஸ்பேசர். பட்டியலை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "தம்பி, டியூனெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க. வண்டிக்கு மொதல்ல கால் வலியைச் சரி பண்ணோணும்."

ஸ்பேசர் வேண்டாம் என்றதற்கு அவர் சொன்ன காரணம்: பாடி மேலே போகும், டிரைவ் ஷாஃப்டின் சக்கரத்து முனை அதே இடத்தில் இருக்கும், கோணம் கூடி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் வைக்கிற ரப்பர் பஃபரும் வேண்டாம், ஏற்கனவே விறைப்பான வண்டி, மாட்டு வண்டி ஆகிவிடும். அப்புறம் ஒரு தீப்பெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடைவெளியில் படுக்கவைத்துக் காட்டினார். "உங்க வண்டி இந்தளவுக்குத் தொங்கிருச்சுங்க. கம்பெனி உயரத்துக்கே வரட்டும், அப்புறம் பாக்கலாம்." முன் ஸ்பிரிங் இரண்டும் அமுங்கியிருந்தன, ஷாக்கின் மேல் மவுண்ட் ரப்பர் நசுங்கி வடை மாதிரி ஆகியிருந்தது. பழுதாகிப்போன காலை வைத்துக்கொண்டு நான் கம்பெனியின் 155-ஐத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரிஜினல் ஸ்பிரிங் கிடைக்க ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பஸ்ஸில் ஆபீஸ் போனேன், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினோம். பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயதும் கணக்கு, ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜினைக் கழற்ற வேண்டிவரும். லோயர் ஆர்ம், லிங்க் ராடு, பிரேக் ஆயில், கியர் ஆயில். இதற்கே எண்பதாயிரத்தைத் தாண்டியது. வெளியே பார்த்தால் ஒரு ரூபாய் செலவழித்த மாதிரி தெரியாது, நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு "இன்னும் ஒண்ணும் பண்ணலையா?" என்றார்கள்.

டயர்தான் நான் செய்த ஒரே உருப்படியான ஆல்ட்ரேஷன். வந்தது 195/55 ஆர்16. போட்டது 205/55 ஆர்16. குறுக்களவு 621 மி.மீ.யிலிருந்து 632 ஆகிறது, அதில் பாதி உயரமாகக் கிடைக்கும், அதாவது ஐந்தரை மி.மீ. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது முன்னைவிட ஏறக்குறைய 1.8 கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், பரவாயில்லை. ஸ்பிரிங்கும் மவுண்டும் புதுசானதில் ஒன்பது மி.மீ. ஏறியிருந்தது. ஆக மொத்தம் பதினாலரை. அண்ணன் அதே தீப்பெட்டியை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, அதிலிருந்தே ஒரு குச்சி எடுத்து பீடியைப் பற்ற வைத்தார்.

டியூன் பண்ணவில்லை. பயம் பாதி, கணக்கு பாதி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியாயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பிடிபட்டால் அபராதம் கட்டிவிடலாம், ஆனால் ஒரு விபத்து நடந்து, டியூன் பண்ணிய வண்டி என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்தால் வீட்டை விற்க வேண்டும். சைலன்சரும் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே போடுகிற ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றினேன், வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியவில்லை.

வண்டி திரும்ப வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் வேகத்தடையில் பழக்கத்தில் கதவுப் பிடியில் கை வைத்தார். உட்காருங்கள் என்றேன். ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, சத்தம் இல்லை. ஆறாவதில் லேசாக ஒரு கர்ர். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது ஏதோ கல்லு" என்றார். ஏழாவதில் மட்டும் இப்போதும் கோணலாகத்தான் ஏற்றுகிறேன்.

அவினாசி ரோட்டு மேம்பாலத்தை 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் திறந்துவிட்டார்கள். பத்து கி.மீ. சொச்சம், சிக்னல் இல்லாமல். வண்டி ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கி.மீ.தான் கொடுக்கும், பங்கில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து அதிலும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. முன்னெச்சரிக்கையாகப் பழைய பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிட்டேன். கிளட்ச் தேய்ந்து கொஞ்சம் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, புது கிளட்ச் கிட் கிடைத்தபோதே வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் தீபாவளி கழித்து வரச் சொன்னார், எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.