புது வீட்டின் மாதச் செலவை முன்கூட்டியே கணக்கிடுவது: கரண்ட், தண்ணீர், கேஸ்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எல்லோரும் கேட்கும் கேள்வி, "கரண்ட் பில் எவ்வளவு சார் வரும்?" என்பதுதான். "பெருசா ஒண்ணும் வராது, ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு" என்று பதில் வரும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தத் தொகை முன்பு குடியிருந்தவர்களின் பழக்கத்துக்கு வந்த தொகை. நீங்கள் கேட்க வேண்டியது கடைசி ஆறு பில்களில் பதிவான யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், ஆறு பில் இருந்தால் ஒரு வருடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரி பில்லை மட்டும் காட்டினால் போதாது. ஏப்ரல், மே மாதக் கணக்கைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்றால் இது இன்னும் முக்கியம். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவு முழுக்க வெப்பத்தைக் கீழே இறக்கும், ஏசி ஓய்வில்லாமல் ஓடும்.

பில் கிடைக்காவிட்டால் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பல வீடுகளில் வெள்ளை அட்டை அங்கேயே செருகியிருக்கும். கணக்கெடுக்க வருபவர் தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார். இப்போது கணக்கு எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடுவதால் சில அட்டைகள் பாதியில் நின்றிருக்கும். எப்படியிருந்தாலும் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்வாரிய இணையதளத்தில் பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாக்கி ஆளைப் பின்தொடராது, இணைப்பைத்தான் பின்தொடரும். பழையவர் கட்டாமல் போனாலும் ஃபியூஸைப் பிடுங்குவது நீங்கள் குடியிருக்கும் வீட்டில்தான்.

யூனிட் தெரிந்த பிறகுதான் ரூபாய்க் கணக்கு. 2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புகள் கட்டும் விகிதம் இது. இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதன்பின் 11.55. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. வாரிய இணையதளத்தில் பில் கால்குலேட்டர் இருக்கிறது. விகிதம் மாறியிருந்தால் அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

500-ஆவது யூனிட்டில் பில் 1,805 ரூபாய். 501-இல் 2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் சொச்சம். ஒரு வீட்டின் செலவைக் கணிப்பது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதைத்தான்.

நாலு பேர் உள்ள வீட்டைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஃபேன் 75 வாட். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளைக்கு 216 யூனிட். ஃப்ரிட்ஜுக்கு 35, லைட், டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 70 என்று வைத்தால் மொத்தம் 320 பக்கம். பில் 799 ரூபாய். இப்போது ஏசி. அதன் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டு மின் நுகர்வு அச்சிட்டிருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 யூனிட் என்று போட்டிருந்தால் 1,600-ஆல் வகுங்கள், மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 240 யூனிட். மொத்தம் 560, பில் 2,544. அதாவது ஏசி மட்டும் 1,745 ரூபாயைத் தின்கிறது, யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். அதே வீட்டில் நாலு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 130 யூனிட் குறைந்து மொத்தம் 430-க்கு வரும். பில் 1,364. போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இது வீண் செலவில்லை.

மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று அவசியம் கேளுங்கள். ஒரு ஹெச்பி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 60 யூனிட். மாடிப்படி லைட்டும் மோட்டாரும் உங்கள் மீட்டரில் இணைத்திருக்கும் வீடுகள் உண்டு. மீட்டர் பெட்டியில் உங்கள் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சப்-மீட்டர் வீடுகளில் கணக்கு வேறு மாதிரி. ஓனருக்கும் உங்களுக்கும் ஒரே இணைப்பு, உங்கள் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுங்கள் என்பார்கள். நீங்கள் 200 யூனிட் எரித்தால் 1,600 ரூபாய். சொந்த மீட்டராக இருந்திருந்தால் அதே 200 யூனிட்டுக்கு 235 ரூபாய்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 680 ரூபாய் வித்தியாசம். ஆகவே தனி மீட்டரோடு 12,000 வாடகை சொல்லும் வீடு, சப்-மீட்டரோடு 11,500 சொல்லும் வீட்டைவிட மலிவு. இந்தக் கணக்கை ஓனர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம். வாடகையைக் குறைத்துக் கேட்க இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது.

குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காரணம், பில்லின் நடுவில் ஆள் மாறும்போதுதான் தகராறு வரும். பழையவர் 300 யூனிட் எரித்துவிட்டுப் போகிறார், மீதி நாட்களில் நீங்கள் 250. பில் 550 யூனிட்டுக்கு 2,460 ரூபாய். பழையவர் தன் 300-க்கு மட்டும் கணக்குப் போட்டு 705 ரூபாய் கொடுத்துவிட்டால், உங்கள் தலையில் 1,755 விழும். யூனிட் விகிதப்படி பிரித்தால் அவருக்கு 1,342, உங்களுக்கு 1,118. பழையவரின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். பிறகு யாரும் போன் எடுக்கமாட்டார்கள். இதேபோல, கூடுதல் வைப்புத்தொகை என்று சில சமயம் பில்லோடு ஒரு தொகை சேர்ந்து வரும். அது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பணம். நீங்கள் கட்டினால் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் ரூபாயிலிருந்து தொடங்கக் கூடாது. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரத் திட்டமிடலில் எடுத்துக்கொள்ளும் அளவு. நாலு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பு என்றால், லாரி எத்தனை லிட்டர், ஒரு லோடு எவ்வளவு, மே மாதத்தில் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். 12,000 லிட்டர் லோடு 1,800 ரூபாய் என்றால் லிட்டருக்கு 15 பைசா, உங்கள் பங்கு மாதம் 2,430. இது மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா? தனி என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கிறார்களா, ஆளுக்குத் தக்கபடியா? இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சமப் பங்கு பெரிய நஷ்டம்.

போர் தண்ணீர் உள்ள வீட்டில் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. 2,000-க்கு மேல் காட்டினால் ஆர்ஓ மெம்பிரேன் சீக்கிரம் போகும், கேன் தண்ணீர் வாங்க வேண்டிவரும். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் கெய்சர் காயிலும் அதே படிவுதான். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கேன் ஆகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு விலை கூடும். பாதாளச் சாக்கடை வராத புறநகர்த் தெருவானால் செப்டிக் டேங்க் லாரிச் செலவை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் டேங்க் அடிக்கடி நிறையும்.

கேஸ் சிலிண்டர் விலை ஊருக்கு ஊர் கொஞ்சம்தான் மாறும். செலவு வைப்பது இடமாற்றம். அதே ஊருக்குள் என்றால் ஏஜென்சி மாற்றினால் போதும், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் உங்களிடமே வைத்துக்கொள்ளலாம். தூரத்து ஊருக்குப் போவதானால் இரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். டெபாசிட்டில் பழைய தொகைதான் திரும்ப வரும், புது ஊரில் இன்றைய விகிதத்தில் கட்ட வேண்டும். 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஷிப்டிங் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டுக்கு விளம்பரத்தில் உள்ள விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக்கொள்ளுங்கள். 599 என்றால் கையை விட்டுப் போவது 707. எந்த கம்பெனி லைன் அந்தக் கட்டடத்துக்குள் ஏற்கெனவே வந்திருக்கிறது என்று வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு பிளானைத் தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய், பக்கத்து வீட்டு அக்காவிடம் "தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க, கோடையில எத்தனை லாரி வாங்குனீங்க?" என்று கேளுங்கள். ஓனர் மறந்துபோன விவரமெல்லாம் அங்கே கிடைக்கும்.