அக்கூஸ்டிக் ரிஃப்ளெக்ஸ்: அட்டவணையை உருப்போடாமல் வைவாவுக்குப் போக

பலத்த ஒலி கேட்டதும் நடுச்செவியில் உள்ள ஸ்டேபீடியஸ் என்ற சிறு தசை தானாக இறுகுவதுதான் அக்கூஸ்டிக் ரிஃப்ளெக்ஸ். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதன் நரம்புப் பாதையைப் படம் போடச் சொன்னால் எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். நான்கு அளவுகள் உள்ள தாளை நீட்டி "பழுது எங்கே?" என்று கேட்டதும்தான் திணறல். நோய்க்கு ஒரு வரி என்று மனப்பாடம் செய்தவருக்கு, கேள்வியில் வலது இடதாக மாறினாலே போதும், எல்லாம் கலைந்துவிடும்.

முதலில் பாதை. காக்ளியாவிலிருந்து (உட்செவியின் கேட்கும் உறுப்பு) எட்டாவது நரம்பு (கேட்கும் நரம்பு), அங்கிருந்து மூளைத்தண்டில் உள்ள வென்ட்ரல் காக்ளியர் நியூக்ளியஸ். இங்கே வழி பிரிகிறது. ஒரு கிளை நேராக அதே பக்கத்து ஃபேஷியல் மோட்டார் நியூக்ளியஸ் (ஃபேஷியல் நரம்பு புறப்படும் இடம்) பகுதிக்குப் போகிறது. மொத்தம் 3 நியூரான். இன்னொன்று டிரப்பிசாய்டு பாடி (குறுக்கே ஓடும் நரம்பிழைகள்) வழியாக சுப்பீரியர் ஆலிவரி காம்ப்ளெக்ஸ் என்ற நரம்புச் செல் கூட்டத்தைத் தொட்டு இரு பக்க ஃபேஷியல் நியூக்ளியஸுக்கும் போகிறது, 4 நியூரான். கடைசியில் ஏழாவது நரம்பு (ஃபேஷியல் நரம்பு), ஸ்டேபீடியஸ் தசை. ஒரு காதில் ஒலி கொடுத்தால் இரண்டு காதிலும் தசை இறுகுவது இந்தக் குறுக்குப் பாதையால்தான். நடுமூளையில் உள்ள இன்ஃபீரியர் காலிக்குலஸை இந்த வளையத்துக்குள் வரைந்து வைப்பவர்கள் நிறைய. வளையம் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் கீழ்ப்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள பழுது இதை நேரடியாகத் துண்டிக்காது. நடுச்செவியின் இன்னொரு தசையான டென்சர் டிம்பனிக்கு ஐந்தாவது நரம்பு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இனி தாள். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டே கேள்வி: ஒலி எந்தக் காதில்? புரோப் (பதிலை அளக்கும் கருவிமுனை) எந்தக் காதில்? இரண்டும் ஒரே காதில் என்றால் இப்சி, வேறு வேறு காதில் என்றால் கான்ட்ரா. 'வலது கான்ட்ரா' என்றால் பெரும்பாலும் ஒலி வலது, புரோப் இடது. சில இடங்களில் புரோப் இருக்கும் காதை வைத்துப் பெயரிடுகிறார்கள். அதனால் விடைத்தாளில் பெயரை நம்பாமல் "ஒலி வ, புரோப் இ" என்றே எழுதுங்கள்.

ஒரு தாளைப் பார்ப்போம், 1000 ஹெர்ட்ஸில். எண் என்பது வரம்பு, அதாவது பதில் தோன்றும் மிகக் குறைந்த ஒலி அளவு. ஒலி வ, புரோப் வ: 85 டெசிபல். ஒலி வ, புரோப் இ: 90. ஒலி இ, புரோப் இ: இல்லை. ஒலி இ, புரோப் வ: இல்லை. இல்லாத இரண்டுக்கும் பொது, இடது காதில் கொடுத்த ஒலி. இடது புரோப்பில் ஒருமுறை பதில் வந்துவிட்டதால் இடது ஃபேஷியல் நரம்பும் நடுச்செவியும் வேலை செய்கின்றன. இடது காதின் கேட்கும் திறன் இயல்புக்கு அருகில் இருந்தால் சந்தேகம் இடது எட்டாவது நரம்பின் மேல். இல்லாதவை இரண்டிலும் புரோப் இடது என்று இருந்தால், முகவாதமா, பழுது ஸ்டேபீடியஸ் கிளைக்கு மேலேயா என்று யோசிக்க வேண்டும். இரு கான்ட்ராவும் போய், இரு இப்சியும் இருந்தால் மூளைத்தண்டின் நடுக்கோடு.

சிக்கலானது, ஒரே ஒரு இப்சி மட்டும் மிஞ்சும் தாள். இடது காதில் 40 டெசிபல் கடத்தல் குறை (ஒலி உட்செவியை எட்டும் முன்பே தடைபடுவது) என்று வையுங்கள். புரோப் இடதில் இருந்தால் பதில் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு 10 டெசிபல் குறையே போதும், மறைத்துவிடும். ஒலி இடதில் கொடுத்தால் 85 + 40 = 125, கருவியின் எல்லையைத் தாண்டிவிடும். ஆக வலது இப்சி மட்டும் நிற்கும். மூளைத்தண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்த பழுதும் இதே தோற்றத்தைத் தரலாம். டிம்பனோகிராமும் (நடுச்செவி நிலையைக் காட்டும் வரைபடம்) ஏர்-போன் இடைவெளியும் (காற்று வழியும் எலும்பு வழியும் கேட்கும் அளவுகளின் வித்தியாசம்) பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

செய்முறைத் தேர்வில்: 226 ஹெர்ட்ஸ் புரோப் ஒலி (6 மாதத்துக்குள் என்றால் 1000), 5 டெசிபல் படிகள், குறைந்தது 0.02 எம்மோ (ஒலி நடுச்செவிக்குள் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதன் அலகு) மாற்றம், அதே அளவில் இரண்டாம் முறையும் வர வேண்டும். நோயாளி எச்சில் விழுங்கினாலும் முள் ஆடும். அதைப் பதில் என்று குறித்துவிடுகிறார்கள்.

டிகே பரிசோதனை (ஒலி நீடிக்கும்போது பதில் தளர்கிறதா என்று பார்ப்பது): வரம்புக்கு 10 டெசிபல் மேலே, 10 விநாடி, 500 ஹெர்ட்ஸிலும் 1000-லும் மட்டும். பாதிக்கு மேல் சரிந்தால் பாசிட்டிவ். 2000, 4000-ல் இயல்பான காதிலும் சரியும். வரம்பே 105 என்றால் 115 டெசிபலை 10 விநாடி காதுக்குள் கொடுக்க வேண்டிவரும். அப்போது காரணத்தை எழுதி, "செய்யவில்லை" என்று குறிப்பதுதான் சரியான விடை.